கேசட்டை ஊதாதீர்கள்: பழைய டிவி கேம் பழுதுகள், கேள்வி பதில்

நான் மெக்கானிக் அல்ல. பகலில் கணக்கெழுதுகிறேன். இரவில் செத்துப்போன வீடியோ கேம் பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கிறேன். உயிர் பிழைத்தவை உண்டு, என் கையாலேயே போனவையும் உண்டு. வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பரணில் 90களின் டிவி கேம் கிடைத்தது. அடாப்டர் தொலைந்துவிட்டது. வீட்டிலிருக்கும் 9 வோல்ட் அடாப்டரைச் செருகலாமா? (மதுரை)

செருகாதீர்கள். என் முதல் பெட்டியை நான் கொன்றது இப்படித்தான். நம் ஊரில் ஓடிய அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை, நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். ஃபேமிகாமில் அடாப்டர் பின்னின் நடுமுனை மைனஸ். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் அநேகமாக நடுமுனை பிளஸ். வோல்ட் பொருந்தினாலும் முனை மாறினால் கதை முடிந்தது. நகல்களிலும் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது என்பதால் ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள்.

பெட்டியைத் திறந்தால் மூன்று கால்களுடன், முதுகில் ஒரு தகடு தாங்கியபடி 7805 என்ற ரெகுலேட்டர் (வரும் மின்சாரத்தை 5 வோல்ட்டாகச் சீராக்கும் பாகம்) நிற்கும். அதன் நடுக்கால் மைனஸ். மல்டிமீட்டரை 'பீப்' ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை அந்த நடுக்காலிலும் மற்றொன்றை அடாப்டர் செருகும் துளையின் நடு ஊசியிலும் வையுங்கள். ஒலித்தால் நடுமுனை மைனஸ். சரியான அடாப்டரைச் செருகிய பிறகு, நடுக்காலுக்கும் மூன்றாவது காலுக்கும் (எழுத்து உங்களைப் பார்த்திருந்தால் வலப்பக்கக் கால்) இடையே 5 வோல்ட் வர வேண்டும். வரவில்லையென்றால் ரெகுலேட்டரை மாற்றுங்கள். சென்னை ரிட்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு தேநீர்க் காசுக்குக் கிடைக்கும்.

இன்னொன்று: டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கனமான பழைய அடாப்டர், 9 என்று அச்சிட்டிருந்தாலும் எதிலும் செருகாமல் அளந்தால் 12, 13 காட்டும். அது பழுதல்ல, பயப்படாதீர்கள்.

கேசட்டை ஊதினால் ஓடுகிறதே, ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? (யாழ்ப்பாணம்)

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஊதுவதற்காகக் கேசட்டைக் கழற்றித் திரும்பச் செருகுகிறீர்கள் அல்லவா, அந்த உரசலில்தான் தொடர்பு கிடைக்கிறது. பெயர் மூச்சுக்குப் போய்விடுகிறது. மூச்சின் ஈரமோ உலோகப் பற்களில் தங்கி அரிக்கிறது. காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, பற்களின் நீளவாக்கில் இழுங்கள். முதல் குச்சி அடுப்புக்கரி போல வரும், இரண்டாவது சாம்பல் நிறத்தில், நான்காவது ஐந்தாவது வெள்ளையாக. காய்ந்த பிறகு செருகுங்கள். என்னிடம் 'செத்துவிட்டது' என்று வந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் வைத்தியம் இவ்வளவுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், முலாம் போய்விடும்.

இங்கே பழைய சந்தையில் வாங்கிய அமெரிக்க நின்டெண்டோவில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. போர்டு போய்விட்டதா? (நியூ ஜெர்சி)

பெரும்பாலும் இல்லை. அந்தப் பெட்டிக்குள் ஒரு காவலாளிச் சில்லு (சிப்) உண்டு. கேசட்டிலிருக்கும் ஜோடிச் சில்லிடமிருந்து சரியான பதில் வராவிட்டால், அது ஏறக்குறைய விநாடிக்கொரு முறை பெட்டியை ரீசெட் செய்யும். அழுக்கு, அல்லது தளர்ந்துபோன 72 ஊசி இணைப்பி, இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். கேசட்டைத் துடையுங்கள். போதவில்லையென்றால் இணைப்பியைக் கழற்றிச் சில நிமிடம் வெந்நீரில் கொதிக்கவிட்டு, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். சிரிக்காதீர்கள், பலமுறை பலித்திருக்கிறது. புதிய இணைப்பியும் கிடைக்கிறது, ஆனால் சில மலிவு ரகங்கள் கேசட்டை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். ஃபேமிகாமில் இந்தக் காவலாளியே கிடையாது. அதன் நகல்களான நம் ஊர்ப் பெட்டிகளும் அதனால்தான் எந்தக் கேசட்டையும் கேள்வி கேட்காமல் ஓட்டின.

கேம் பாய் திரையில் செங்குத்தாகச் சில கோடுகள் மறைந்துவிட்டன. (சிங்கப்பூர்)

1989இன் சாம்பல் நிறக் கேம் பாய்க்கு இது வயோதிக நோய். கண்ணாடியையும் போர்டையும் இணைக்கும் பட்டை விட்டுப்போகிறது. முதுகிலுள்ள, தலையில் மூன்று கால் வெட்டு கொண்ட திருகுகளைக் கழற்றி, திரையின் கீழ்விளிம்பில் இருக்கும் கறுப்பு ரப்பரை அகற்றுங்கள். போர்டோடு பட்டை ஒட்டியிருக்கும் இடத்தில், குறைந்த சூட்டில் சால்டரிங் அயர்னை லேசாக அழுத்தி மெதுவாக இழுங்கள். பெட்டியை ஆன் செய்துவைத்துக்கொண்டே செய்தால், கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். முதல் தடவை என் கை நடுங்கியது. கண்ணாடிப் பக்கம் மட்டும் அயர்ன் போகக் கூடாது.

போர்டில் கறுப்பாக ஒரு சொட்டுக் கோந்து இருக்கிறது. அதற்குள் சில்லு போயிருந்தால்? (கோவை)

விட்டுவிடுங்கள், கோந்துக்குள் இருக்கும் சில்லை மாற்ற வழியில்லை. ரெகுலேட்டரையும் சுவிட்சையும் எடுத்து அடுத்த பெட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாத்து சுடும் துப்பாக்கியை மூன்று முறை பிரித்துப் பூட்டிவிட்டேன். புது எல்.இ.டி. டிவியில் ஒரு வாத்துகூட விழவில்லை. (திருச்சி)

துப்பாக்கியைப் பிரிப்பதை முதலில் நிறுத்துங்கள், அதில் குற்றமில்லை. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி சுடுவதே இல்லை, அதன் குழலுக்குள் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைப் பார்க்கிறது. குழாய் டிவியில் வெளிச்சம் உடனே வரும். புது டிவி படத்தைச் சற்றுத் தாமதித்தே காட்டுவதால், வெளிச்சம் வருவதற்குள் விளையாட்டு 'குறி தப்பியது' என்று எழுதிவிடுகிறது.

அப்படியானால் வீட்டில் ஓடாமல் கிடக்கும் குழாய் டிவியை நானே திறந்து பார்க்கலாமா? (அவரே)

கூடாது. இருபதாயிரம் வோல்ட்டைத் தாண்டி ஓடும் சாமான் அது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் மின்சாரம் தங்கியிருக்கும். நான் இதுவரை ஒன்றையும் திறந்ததில்லை. உங்கள் ஊரில் பழைய டிவி மெக்கானிக் ஒருவராவது மிச்சமிருப்பார். அவரிடம் கொண்டுபோங்கள். கையோடு பெட்டியையும் துப்பாக்கியையும் எடுத்துப்போனால், படம் வந்ததும் அவர் கடையிலேயே சுட்டுப் பார்த்துவிடலாம்.