அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா ரீலோடிங் செய்ய விரும்புகிறேன். பாதுகாப்பாக எப்படித் தொடங்குவது?

வாராவாரம் ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் பயிற்சிக் களம்) போகிறேன், தோட்டா வாங்கியே கை கடிக்கிறது, சுட்ட தோட்டாவின் கூட்டில் திரும்ப மருந்தும் குண்டும் போட்டு வீட்டில் நானே செய்துகொள்ளலாமா, காசு மிச்சம் ஆகுமா, எந்த மெஷின் வாங்குவது, வெடித்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் டெக்சஸ் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் டல்லாஸ் பக்கம்தான். 2016 முதல் எனக்கு வேண்டிய தோட்டாவை நானேதான் செய்துகொள்கிறேன். இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

விசா என்ன என்று நீங்கள் சொல்லவில்லை. எச்-1பி வேலை விசா என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது இங்குள்ள மத்தியச் சட்டம். வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு என்பது போல ஒன்றிரண்டு வழிகள் உண்டு, அதை வக்கீலிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். நம்மவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம், அந்தச் சட்டத்தின் கணக்கில் தோட்டா என்பது முழுத் தோட்டா மட்டும் இல்லை. வெறும் பித்தளைக் கேஸ் (வெளிக்கூடு), பிரைமர் (அடி பட்டதும் பவுடரைப் பற்றவைப்பது), குண்டு (பாய்ந்து போவது), பவுடர் (வெடிமருந்து) எல்லாமே அதில் அடக்கம். "உதிரி பாகம்தானே" என்று நினைத்து அலமாரியில் வைத்துக்கொண்டு பிறகு மாட்டிக்கொள்ள வேண்டாம். நான் 2015இல் கிரீன் கார்டு வரும்வரை ஒரு கேஸைக்கூட வீட்டுக்குள் கொண்டு வரவில்லை. கார்டு இருந்தால் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை. விற்பதற்குச் செய்தால் தேவை. மாநில, ஊர் விதிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கார்டு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

தோட்டாவில் நான்கே சமாச்சாரம். பித்தளைக் கேஸ், அதன் அடியில் பிரைமர், உள்ளே பவுடர், வாயில் குண்டு. சுட்டபின் கேஸ் மட்டும் மிஞ்சும். சூட்டிலும் அழுத்தத்திலும் கொஞ்சம் உப்பியிருக்கும். அதை 'டை' என்ற அச்சுக்குள் பிரஸ் என்ற மெஷினால் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வந்து, எரிந்த பிரைமரைத் தள்ளிவிட்டுப் புதியது பொருத்தி, பவுடரை அளந்து போட்டு, குண்டை உட்கார வைக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். யாருக்கும் ஒரு சாயங்காலத்தில் கை வந்துவிடும். கை சீக்கிரம் பழகிவிடுவதால்தான் பயமே.

பவுடரை கிரெயின் கணக்கில் அளப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின், அதாவது ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். என் தாத்தா நாகர்கோவிலில் நகைப் பட்டறை வைத்திருந்தவர். அவர் கணக்கில் சொன்னால், ஒரு குன்றிமணி எடை இரண்டு கிரெயினுக்குக் கொஞ்சம் குறைவு. கைத்துப்பாக்கித் தோட்டா பலவற்றுக்கு இரண்டு மூன்று குன்றிமணி எடைப் பவுடர்தான் போகும். அதில் கால் குன்றிமணி கூடினாலும் குறைந்தாலும் அழுத்தத்தில் வித்தியாசம் தெரியும்.

தாத்தா எடை போடும்போது விசிறியை நிறுத்திவிடுவார். தராசைக் கையில் எடுத்துவிட்டால் பாட்டி கூப்பிட்டாலும் பதில் வராது. சின்ன வயதில் அதை நான் திமிர் என்று நினைத்திருக்கிறேன்.

2018இல் ஒரு சனிக்கிழமை. 38 ஸ்பெஷல் ரிவால்வருக்காக 150 தோட்டா செய்துகொண்டிருந்தேன். 38 ஸ்பெஷல் 1898 வாக்கில், பழைய கருமருந்துக் காலத்துக் கணக்கில் வந்த அளவு. அந்த மருந்து நிறையப் போட வேண்டும், அதனால் கேஸ் பெரியது. இன்றைய புகையில்லாப் பவுடரோ அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். இரண்டு மடங்கு போட்டாலும் வழியாது, வெளியே ஒன்றும் தெரியாது. ஐம்பது குழி உள்ள பலகையில் கேஸ்களை நிறுத்தி ஒவ்வொன்றாக எடுத்துப் பவுடர் போட்டு வைத்துக்கொண்டே வந்தேன். நடுவில் ஊரிலிருந்து அம்மா அழைத்தார்கள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டே வேலையைத் தொடர்ந்தேன். அதற்குள் வாசலில் கூரியர்காரர் மணி அடித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். விட்ட இடம் எது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்தேன்.

மறுநாள் ரேஞ்ச். ரிவால்வரை நான்காவது முறை நிரப்பிச் சுட்டபோது ஒரு தடவை 'டமார்' என்று வரவேண்டியது 'பொத்' என்றது. கையில் உதைப்பு இல்லை. விரல் பழக்கத்தில் அடுத்ததை இழுக்கப் போனேன். பக்கத்து மேடையில் இருந்த பெரியவர், வியட்நாம் போருக்குப் போய் வந்தவர், "நிறுத்து" என்று கத்திய கத்தலில் என் விரல் நின்றது. துப்பாக்கியை இலக்கை நோக்கியே அரை நிமிடம் பிடிக்கச் சொன்னார். பிறகு திறந்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, மெல்லிய பித்தளைக் கம்பி ஒன்றைக் குழலுக்குள் விட்டார். பாதி வழியில் 'டொக்' என்று நின்றது. பவுடர் விழாத தோட்டா அது. பிரைமரின் வேகத்திலேயே குண்டு நகர்ந்து குழலில் சிக்கிக்கொண்டது. அடுத்ததைச் சுட்டிருந்தால் அடைத்த குழலுக்குள் இன்னொரு குண்டு போயிருக்கும். குழல் பிளந்திருக்கலாம். ரிவால்வருக்கு மிக அருகே இருப்பது என் விரல்களும் முகமும்.

பெரியவர் என்னைத் திட்டவில்லை. "ஒன்றில் பவுடர் இல்லையென்றால் அது எங்கே போயிருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து மிச்சம் இருந்த 129 தோட்டாவையும் பிரித்தேன். ஒவ்வொன்றாக எடை போட்டு ஆகாததைக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். முடியாது. கேஸுக்குக் கேஸ், குண்டுக்குக் குண்டு உள்ள எடை வித்தியாசமே அந்தப் பவுடரின் எடையை விழுங்கிவிடும். பிரிப்பதுதான் ஒரே வழி. சுத்தியல் மாதிரி ஒரு கருவி, அதன் தலைக்குள் தோட்டாவை மாட்டிக் கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டும் பவுடரும் கழன்று உள்ளே விழும். இரண்டு ராத்திரி தட்டினேன். எழுபதோ எழுபத்தொன்றோ, அதைத் திறந்து தராசில் கொட்டியபோது முள் தாண்டிப் போய் நின்றது. சரியாக இரண்டு மடங்கு. சாம்பல் நிறத் தூள், தட்டில் ஒரு சின்னக் குவியல். அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கராஜில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். அன்று எனக்குத் தாத்தாவின் விசிறி ஞாபகம் வந்தது.

அதன்பிறகு என் வேலை இப்படித்தான் நடக்கிறது. போன் வீட்டுக்குள் இருக்கும். பாட்டு கிடையாது. நடுவில் யாராவது கூப்பிட்டால், கையில் இருக்கும் கேஸில் பவுடர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை ஜாடியில் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவேன். பவுடர் போடாத கேஸ் பலகையில் தலைகீழாக நிற்கும், போட்டது மட்டுமே நிமிர்ந்து நிற்கும். ஐம்பதும் முடிந்தபின் டார்ச் அடித்து ஒவ்வொரு கேஸுக்குள்ளும் பார்ப்பேன், எல்லாவற்றிலும் ஒரே மட்டம் தெரிய வேண்டும். இந்தப் பார்வையை முடிக்காமல் ஒரு குண்டையும் உட்கார வைப்பதில்லை. அந்தச் சனிக்கிழமை இந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் மிச்சம் பிடித்தேன்.

நீங்கள் கேட்ட மெஷின் விஷயம். ஒரு இழுப்புக்கு ஒரே வேலை செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் வாங்குங்கள். கைப்பிடியை இழுக்க இழுக்கத் தோட்டா கொட்டும் புரோகிரசிவ் பிரஸ் முதல் வருடம் வேண்டாம். அதில் ஒரே நேரத்தில் நான்கைந்து இடத்தைக் கண் பார்க்க வேண்டும். மெதுவாக இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு என் பதில், ஆரம்பத்தில் மெதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மெஷினுக்கு முன்னால் புத்தகம். லைமன், ஹார்னடி போன்றவர்கள் அச்சிடும் லோடிங் மேனுவல் ஒன்றல்ல, இரண்டு. எந்தக் குண்டுக்கு எந்தப் பவுடர், எத்தனை கிரெயினில் தொடங்கி எத்தனையில் நிறுத்த வேண்டும் என்று சோதித்துப் போட்டிருப்பார்கள். தொடக்க அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். இங்கே நான் ஒரு அளவும் எழுதவில்லை, பின்னூட்டத்தில் கேட்டாலும் எழுத மாட்டேன். முகம் தெரியாத ஒருவர் இணையத்தில் எழுதிய எண்ணை நம்பி யாரும் பவுடர் போடக் கூடாது, அந்த ஒருவர் நானாக இருந்தாலும். பவுடர் பெயரையும் எழுத்துக்கு எழுத்து பாருங்கள். எச் 4350, ஐஎம்ஆர் 4350 என்று ஒரே எண்ணோடு இரண்டு உண்டு, இரண்டும் வேறு வேறு. ஒன்றின் அளவு மற்றொன்றுக்குச் செல்லாது. மேசையில் எப்போதும் ஒரே ஒரு பவுடர் ஜாடிதான் இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே ஜாடியில் கொட்டி மூடிவிட வேண்டும். குண்டை எவ்வளவு ஆழம் உட்கார வைப்பது என்பதும் புத்தகத்தில் இருக்கும். ஆழம் கூடினால் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் ஏறும், பவுடர் சரியாக இருந்தாலும்.

தராசுக்குச் சோதனை எடைக் கற்கள் வாங்குங்கள். எலக்ட்ரானிக் தராசு ஏசி காற்றுக்கே எண்ணை மாற்றும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பிரைமரைத் தொடாதீர்கள். தோட்டாவின் நான்கு பாகத்தில் அடி வாங்கினால் வெடிப்பது அதுதான். அதை அதன் பெட்டியிலேயே வையுங்கள், டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள்.

சேமிப்பில் நம்மவர்கள் செய்யும் தவறு, பத்திரமாக இருக்கட்டும் என்று பவுடரை இரும்பு அலமாரிக்குள் பூட்டுவது. புகையில்லாப் பவுடர் திறந்த இடத்தில் பற்றினால் எரியும், இறுக்கமாக அடைத்த இரும்புக்குள் பற்றினால் அலமாரியே வெடிகுண்டு. அசல் ஜாடியில், மர அலமாரியில், சூடும் ஈரமும் இல்லாத இடத்தில், குழந்தை கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். டெக்சஸ் கராஜ் கோடையில் அடுப்பு, அங்கே வேண்டாம். என்எஃப்பிஏ 495 என்ற தீயணைப்பு நெறிமுறை வீட்டில் அசல் ஜாடிகளில் 20 பவுண்டு வரை அனுமதிக்கிறது, அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் தடித்த மரப்பெட்டியோ மர அலமாரியோ வேண்டும். நான் மூன்று பவுண்டுக்கு மேல் வைப்பதே இல்லை.

அப்புறம் ஈயம். குண்டில் மட்டும் இல்லை, எரிந்த பிரைமரின் கரியிலும் இருக்கிறது. கேஸ் சுத்தம் செய்யும்போது கிளம்பும் தூசியில் அதுதான் அதிகம். மேசையில் காபி வைக்காதீர்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். சமையலறைப் பாத்திரம் எதையும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

ஊருக்குப் போகும்போது ரேஞ்சுக்கு எடுத்துப் போன பையைத் தொடவே வேண்டாம். சென்னை விமான நிலையத்தில் பை மூலையில் ஒரே ஒரு தோட்டா சிக்கினாலும் ஆயுதச் சட்டத்தில் வழக்கு, பயணம் அங்கேயே நிற்கும்.

"அமெரிக்கா போய்த் துப்பாக்கி வெறி பிடித்துவிட்டது" என்று எழுத ஒருவர் கண்டிப்பாக வருவார். நான் யாரையும் துப்பாக்கி வாங்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே செய்ய முடிவெடுத்தவர் கை விரலோடு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பேச்சு எனக்குப் புதிதும் இல்லை. இங்கே ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் ஞாயிறுதோறும் சம்பளமில்லாமல் பாடம் எடுத்தேன். ஆத்திசூடி சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள். ரேஞ்சில் எடுத்த என் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. அடுத்த வாரம் "பெற்றோர் சிலர் சங்கடப்படுகிறார்கள், கொஞ்ச நாள் ஒதுங்கியிருங்களேன்" என்றார்கள். எந்தப் பெற்றோர் என்று சொல்லவில்லை. என்னிடம் ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வீட்டுக்குக் கூப்பிட்டு அலமாரிப் பூட்டு முதல் காட்டியிருப்பேன். நான்கு வருடமாகிறது, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஆனால் இன்னமும் மனசு கிடந்து தவிக்கிறது. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான்.

மிச்சம் ஆகுமா என்று கேட்டீர்கள். 9 மி.மீ. அளவுத் தோட்டா மட்டும் சுடுபவருக்குப் பெரிதாக மிஞ்சாது. 38, 357, 44, ரைஃபிள் என்றால் மிஞ்சும். பிரைமர் விலைதான் கழுத்தைப் பிடிக்கும். 2020க்கு முன் ஆயிரம் பிரைமர் முப்பது சொச்சம் டாலருக்கு வாங்கியிருக்கிறேன். 2020இல் தொடங்கிய தட்டுப்பாட்டில் நூறுக்கு மேல் கேட்டார்கள், அப்போதும் கிடைக்கவில்லை. ஒரு வருடம் பிரஸ்ஸுக்கு உறை போட்டு மூடி வைத்திருந்தேன். நண்பர்களுக்குச் செய்து கொடுத்துக் காசைத் தேற்றலாம் என்று மட்டும் யோசிக்காதீர்கள். இனாமாகக்கூடக் கொடுக்காதீர்கள். அடுத்தவர் செய்ததை நீங்களும் சுடாதீர்கள்.

என்ன அளவுத் துப்பாக்கி, கையில் எந்த கார்டு என்று எழுதுங்கள். 38 ஆக இருந்து கார்டும் இருந்தால், ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்கு வாருங்கள். முதல் ஐம்பதை என் பிரஸ்ஸிலேயே போடலாம், பக்கத்தில் நான் இருக்கிறேன். போனை மட்டும் காரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.