மேலாடை

கேள்வி: என் மகன் ஐஐடிக்குப் பரீட்சை எழுதுகிறான். நான் அரசு அலுவலகத்தில் கிளார்க். மனைவிக்கு வேலை இல்லை. ஒரு ஏக்கர் ரப்பரும் அரை ஏக்கர் வயலும் உண்டு. 'கிரீமி லேயர் இல்லை' என்று சான்றிதழ் கேட்கிறார்கள். நாங்கள் கிரீமி லேயரா? தகுதி இருந்தால் போதாதா?
- ஒரு வாசகர், கருங்கல்

பதில்: இதர பிற்படுத்தப்பட்டோரில் (ஓபிசி) வசதி மிகுந்தவர்கள் என்று மத்திய அரசு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கி வைக்கிறவர்கள்தான் கிரீமி லேயர். அதை அரசாங்கத் தமிழில் 'வளமான பிரிவினர்' என்று எழுதுகிறார்கள். வளமும் இல்லை, ருசியும் இல்லை. காய்ச்சிய பாலின் மேல் படிவது ஆடைதானே? 'மேலாடை' என்று வைத்துவிட்டுப் போங்களேன்.

வைத்தால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சிரிப்பார்கள். நம் பாட்டிமார் மேலாடைக்காக அடி வாங்கிய மண் இது. 1859-ல் திருவிதாங்கூர் அரசர் பிரகடனம் போட்டார்: மாரை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மூடுகிற மாதிரி மூடக்கூடாது. அந்தப் பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளிடம் இப்போது 'உனக்கு மேலாடை இல்லை என்று தாலுகா ஆபீசில் எழுதி வாங்கி வா' என்கிறார்கள். அன்றைக்கும் இருந்தால் குற்றம், இன்றைக்கும் இருந்தால் குற்றம்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். 1993 செப்டம்பர் 8-ல் மத்திய அரசு போட்ட உத்தரவுதான் இன்றும் வேதம். வருட வருமான வரம்பு மட்டும் 2017 முதல் 8 லட்சம். அதில் உங்கள் சம்பளம் சேராது, வயல் வருமானமும் சேராது. ஆனால் ரப்பர் சேரும்! மாந்தோப்பை விவசாய நிலம் என்று ஒதுக்கிவிட்டு காப்பி, தேயிலை, ரப்பரை மட்டும் வருமானக் கணக்கில் இழுத்திருக்கிறார்கள். பால் வடிகிற மரம் அதுதானே, ஆடையை வேறெங்கே தேடுவார்கள்? டெல்லியில் எவரோ ரப்பர் என்றதும் பெரிய எஸ்டேட் முதலாளியை நினைத்திருக்க வேண்டும். விடியுமுன் தலையில் லைட் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவரை நினைத்திருக்க மாட்டார்.

பயப்பட வேண்டாம். ஏக்கருக்கு ஏறக்குறைய 180 மரம். வருடத்துக்கு 600 கிலோ ரப்பர் ஷீட் வந்தால் நல்ல வருடம். கிலோ 200 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும், வெட்டுக்கூலி கழிக்காமலே 1,20,000. எட்டு லட்சத்தைத் தாண்ட ஏழு ஏக்கர் வேண்டும். அதுவும் தொடர்ந்து மூன்று வருடம் தாண்ட வேண்டும். கடை வாடகை, வட்டி என்று வேறு வரவு இருந்தால் மட்டும் கூட்டிப் பாருங்கள்.

பையன்கள் தடுக்கி விழுவது இந்தக் கணக்கில் அல்ல, தேதியில். தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கில் மேலாடைப் பேச்சே கிடையாது. தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டுக்கு அது பொருந்தாது. அதனால் வீட்டில் இருக்கிற சாதிச் சான்றிதழே போதும் என்று இருந்துவிடுகிறார்கள். ஐஐடிக்கு ஆகாது. இ-சேவையில் ஓபிசி சான்றிதழுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சை வருடத்தின் ஏப்ரல் 1-லோ அதற்குப் பிறகோ வழங்கியதாகவும் இருக்க வேண்டும். பிப்ரவரியிலேயே வாங்கி பீரோவில் பூட்டும் சுறுசுறுப்பு இங்கே உதவாது. சாதிப் பெயர் மத்தியப் பட்டியலில் இருக்கிறபடியே இருக்கட்டும். பள்ளியில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், ஆதாரில் இரண்டும் சேர்ந்து ஒரு பெயர் என்பது நம் ஊர் வழக்கம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பதையே எல்லாவற்றிலும் வையுங்கள். இதெல்லாம் சரியாக இல்லாவிட்டால் பையன் பொதுப்பிரிவில் நிற்பான்.

கட்டணச் சலுகைக்கு ஓபிசி சான்றிதழ் உதவாது. அங்கே பார்ப்பது குடும்ப வருமானம், அதில் உங்கள் சம்பளமும் சேரும். 1 லட்சத்துக்குக் கீழே என்றால் டியூஷன் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு. அதற்கு வருமானச் சான்றிதழ் தனி.

தகுதி பற்றிக் கேட்டீர்கள். ஹார்வர்டில் அப்பா படித்திருந்தால் பிள்ளைக்கு முன்னுரிமை உண்டு. 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இனத்தைப் பார்த்து இடம் தரக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அப்பாவைப் பார்த்துத் தருவதில் கை வைக்கவில்லை. அங்கே ஆடையை எடுப்பதில்லை, பாலைத்தான் கொட்டுகிறார்கள்.

'கொட்டுவது பால் அல்ல, உவமை' என்று தக்கலை நண்பர் கடிதம் போடுவார். போன மாதம் நான் 'சாயா' என்று எழுதியதற்கு அவர் அனுப்பிய நான்கு பக்கமே இன்னும் மேசையில் கிடக்கிறது.