ஜப்பானின் சப்போரோ விவசாயக் கல்லூரி மாணவர்களிடம் கிறித்தவம் எப்படிப் பரவியது?

முழுநேர மிஷனரி யாரும் ஆரம்பித்து வைத்ததில்லை என்பதுதான் இதில் சுவாரஸ்யம். 1876-இல் அங்கே பாடம் நடத்த வந்த அமெரிக்கர் வில்லியம் கிளார்க் தங்கியது சுமார் எட்டு மாதம்தான். மாணவர்களுக்கு பைபிள் கொடுத்து வாசிக்க வைத்தார். கிளம்புமுன், 1877 மார்ச்சில், இயேசுவைப் பின்பற்றுவதாக ஓர் உடன்படிக்கை எழுதி அவர்களிடம் கையெழுத்தும் வாங்கினார். சரி, அவர் போன பிறகு? அதே வருடம் சேர்ந்த ஜூனியர்களைச் சீனியர்களே மடக்கினார்கள். கிட்டத்தட்ட ராகிங் என்றே சொல்வேன். அந்த ஜூனியர்களில் ஒருவரான உச்சிமுரா கான்சோ முரண்டு பிடித்து, வேண்டாவெறுப்பாகத்தான் கையெழுத்துப் போட்டார். அப்புறம் அதே பையன்கள் விடுதி அறையில் முறைவைத்துப் பிரசங்கம் செய்தார்கள். மாவுப் பீப்பாய் மேல் போர்வையை விரித்தால் அதுதான் பிரசங்க மேடை. பின்னாளில் உச்சிமுரா, கோயிலும் குருமாரும் இல்லாத 'முக்யோக்காய்' இயக்கத்தைத் தொடங்கினார்.