பி.வோக். உணவகப் பட்டப்படிப்பு: பாடத்திட்டம் எழுதும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள எங்கள் கலை அறிவியல் கல்லூரியில், விருந்தோம்பல், உணவகம், உணவுக்கலை மூன்றையும் சேர்த்து பி.வோக். என்ற தொழிற்கல்விப் பட்டப்படிப்பு தொடங்க நினைக்கிறோம். 40 மாணவர்கள் சேரலாம். சமையல்கூடத்துக்கு 800 சதுர அடியில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். பாடத்திட்டம் எழுதும் பொறுப்பு என்னுடையது. இருக்கிற பி.எஸ்சி. கேட்டரிங் பாடத்திட்டத்தை எடுத்துக் கொஞ்சம் மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. அந்தப் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் பெரிய நட்சத்திர ஹோட்டலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சமையல், பரிமாறல், ஹவுஸ்கீப்பிங் (அறைப் பராமரிப்பு), ஃப்ரண்ட் ஆபீஸ் (வரவேற்பு) நான்குக்கும் சம பங்கு இருக்கும். மூன்று ஆண்டில் மாணவர் நான்கையும் தொட்டிருப்பார், ஒன்றிலும் கை பழகியிருக்காது. உங்கள் மாவட்டத்தில் வேலை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிரியாணிக் கடைகள், நெடுஞ்சாலை உணவகங்கள், கல்யாண கேட்டரிங், பேக்கரிகள், கொடைக்கானல் ரிசார்ட்டுகள். இவற்றில் ரிசார்ட்டுகளைத் தவிர மற்றவற்றுக்கு ஃப்ரண்ட் ஆபீஸ் ஆள் தேவையில்லை. அதனால் சமையலையும் உணவக நிர்வாகத்தையும் முதுகெலும்பாக வையுங்கள். ஹவுஸ்கீப்பிங்குக்கும் ஃப்ரண்ட் ஆபீஸுக்கும் தலா ஒரு தாள் போதும். கொடைக்கானலுக்குப் போக விரும்புகிறவர் மீதியை இன்டர்ன்ஷிப்பில் கற்றுக்கொள்வார்.

அனுமதி பற்றிச் சுருக்கமாக. பி.வோக். என்பது யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலில் உள்ள பட்டம். ஆனால் அதை வழங்குவது உங்களை இணைத்துள்ள பல்கலைக்கழகம்தான். பட்டத்தின் பெயரில் ‘ஹோட்டல் மேனேஜ்மென்ட்’ என்று வந்தால் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதல் தேவையா என்ற கேள்வி பின்னால் எழும். பல்கலைக்கழகத்திடம் இப்போதே எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்மொழி உறுதி உதவாது.

படிப்பு நேரத்தை அளக்கும் அலகான கிரெடிட்டின் கணக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். யூ.ஜி.சி.யின் பி.வோக். வழிகாட்டுதல்படி ஆண்டுக்கு 60 கிரெடிட்: திறன் பகுதிக்கு 36, பொதுக்கல்விக்கு 24. வகுப்பானாலும் செய்முறையானாலும் 15 மணி நேரம் ஒரு கிரெடிட். இன்டர்ன்ஷிப்புக்கு அதில் பாதி மதிப்புதான், அதாவது 30 மணி நேரம் ஒரு கிரெடிட். 2023இல் வந்த தேசியக் கிரெடிட் சட்டகத்தில் கணக்கே வேறு: 30 கற்றல் மணி நேரம் ஒரு கிரெடிட், ஆண்டுக்கு 1200 மணி நேரம், 40 கிரெடிட். படித்தவரின் திறன் எந்தப் படியில் இருக்கிறது என்று காட்டும் நிலை எண்களும் மாறிவிட்டன. முன்பு ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு முடிப்பவருக்கு 5, 6, 7 என்று இருந்தது, இப்போது 4.5, 5, 5.5. உங்கள் பல்கலைக்கழகம் எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறது என்று தெரியாமல் ஒரு தாளுக்கும் கிரெடிட் எழுதாதீர்கள். பாதித் தாள்கள் ஒரு கணக்கிலும் மீதி இன்னொரு கணக்கிலும் இருக்கும் பாடத்திட்டத்தைக் கல்விக்குழு திருப்பி அனுப்பிவிடும்.

இனி அமைப்பு. பி.வோக்.கில் முதல் ஆண்டு முடிவில் டிப்ளமோ, இரண்டாம் ஆண்டு முடிவில் அட்வான்ஸ்டு டிப்ளமோ பெற்றுக்கொண்டு வெளியேறலாம். இந்த வசதியைக் கையேட்டில் அச்சடித்துவிட்டு, முதல் ஆண்டு முழுக்க ஆங்கிலம், கணினி, சுற்றுலா வரலாறு என்று நிரப்பும் கல்லூரிகள் உண்டு. ஓராண்டில் வெளியேறுகிறவர் மறுநாளே ஒரு கிச்சனில் கமியாகவோ (தொடக்கநிலைச் சமையல்காரர்) ஓர் உணவகத்தில் ஸ்டூவர்டாகவோ (பரிமாறுபவர்) நிற்க முடிய வேண்டும். அதனால் கத்தி பிடிப்பது, வெட்டு வகைகள், ஸ்டாக் (எலும்பும் காயும் வேகவைத்த சாறு), அடிப்படை கிரேவிகள், மாவு, தோசைக்கல், பரிமாறல், சுகாதாரம் எல்லாம் முதல் ஆண்டிலேயே முடிந்தாக வேண்டும். இரண்டாம் ஆண்டில் நிறையப் பேருக்குச் சமைக்கும் மொத்தச் சமையல், பேக்கரி, இன்டர்ன்ஷிப். மூன்றாம் ஆண்டில் மெனு வடிவமைப்பு, உணவுச் செலவுக் கட்டுப்பாடு, சட்டம், பயிற்சி உணவகத்தை மாணவர்களே நடத்துவது. மேலாண்மைத் தாள்களை முதல் பருவத்தில் வைக்காதீர்கள். ஒரு கிலோ வெங்காயத்தில் எவ்வளவு கழிவு போகும் என்று தெரியாதவருக்கு ‘உணவுச் செலவுச் சதவீதம்’ மனப்பாடப் பகுதியாகத்தான் இருக்கும்.

அந்த வெங்காயத்தையே முதல் மாதத்தில் பாடமாக வைக்கலாம். கிலோ 60 ரூபாய்க்கு வாங்குகிறோம். தோலும் வேரும் போக 850 கிராம் மிஞ்சுகிறது என்றால், ரெசிபியில் போட வேண்டிய விலை 60 அல்ல, 60ஐ 0.85ஆல் வகுத்து வரும் 70 ரூபாய் 60 காசு. மாணவர் தானே உரித்து, தானே எடை போட்டு இந்த எண்ணுக்கு வர வேண்டும்.

கால அட்டவணை அடுத்த கண்டம். கலைக் கல்லூரியின் 50 நிமிடப் பீரியடில் சமையல் வகுப்பு நடக்காது. இரண்டு பீரியடைச் சேர்த்தாலும் நடக்காது: ஆசிரியர் அடுப்பில் செய்து காட்டுவார், மாணவர்கள் சுற்றி நின்று செல்போனில் படம் எடுப்பார்கள், மணி அடித்துவிடும். செய்முறைக்குக் குறைந்தது தொடர்ந்து 4 மணி நேரம் ஒதுக்குங்கள். அதை இப்படிப் பிரிக்கலாம்: விளக்கமும் சீருடை, நகம் சோதனையும் 15 நிமிடம், பொருள் எடை, நறுக்கல் எல்லாம் சேர்த்து முன்தயாரிப்பு 60, சமையல் 90, சுவைத்துக் குறை பேசுவது 25, செலவுக் கணக்கு 20, பாத்திரமும் தரையும் கழுவ 30. கடைசி 30 நிமிடத்தைத் துப்புரவு ஊழியரிடம் தள்ளிவிடக் கூடாது. கழுவிப் பழகாதவர் சமைக்கும்போதும் மேசையைக் குப்பையாகத்தான் வைத்திருப்பார்.

800 சதுர அடியில் 40 பேர் ஒரே நேரத்தில் நின்றால் விபத்துதான். 20 பேராக இரண்டு பேட்ச். 10 மேசை, ஒவ்வொன்றிலும் இரண்டு பர்னர், ஆளுக்கு ஒரு பர்னர். நாலு பேருக்கு ஓர் அடுப்பு என்று வைத்தால் ஒருவர் சமைப்பார், இருவர் நறுக்குவார்கள், ஒருவர் ரெக்கார்டு எழுதுவார். மூன்று ஆண்டும் அதே நால்வர் அதே வேலையைத்தான் செய்வார்கள். கேஸ் சிலிண்டர்கள் அறைக்கு வெளியே பூட்டிய கூண்டில் இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் ஹூட், தரைச் சரிவு, கழிவுநீர்க் குழாயில் எண்ணெயைப் பிரித்துத் தடுக்கும் தொட்டி மூன்றையும் டைல்ஸ் ஒட்டும் முன்பே முடித்துவிடுங்கள். பிறகு உடைத்துச் செய்தால் செலவு இரட்டிப்பு.

இந்தப் படிப்புகள் பாதியில் சோர்ந்துபோவதற்கு முக்கியக் காரணம் பொருள் செலவு. வாரம் இரண்டு செய்முறை, பருவத்துக்கு 15 வாரம், ஆக 30 வகுப்பு. ஆளுக்கு ஒரு வகுப்புக்கு 180 ரூபாய் பொருள் என்று வைத்துக்கொண்டால் 40 பேருக்கு ஒரு பருவத்தில் 2,16,000 ரூபாய். இதில் கேஸ் சேரவில்லை. நிர்வாகம் இதைத் தனித் தலைப்பில் ஒதுக்காவிட்டால், இரண்டாவது மாதத்தில் சிக்கன் உருளைக்கிழங்காகும், நான்காவது மாதத்தில் செய்முறை வகுப்பு ரெக்கார்டு எழுதும் வகுப்பாகும். சமைத்ததைக் கல்லூரி கேன்டீனுக்கோ பயிற்சி உணவகத்துக்கோ விற்றால் ஒரு பகுதி திரும்பி வரும். விற்கத் தொடங்கினால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) பதிவோ உரிமமோ கட்டாயம். உணவைக் கையாளும் எல்லாருக்கும் டைஃபாய்டு தடுப்பூசியும், ஆண்டுக்கு ஒரு மருத்துவப் பரிசோதனையும் வேண்டும். இன்டர்ன்ஷிப்புக்கு எடுக்கும் ஹோட்டல்களும் இவற்றைக் கேட்கும் என்பதால் முதல் பருவத்திலேயே முடித்துவிடலாம்.

இரண்டாம் ஆண்டில் மொத்தச் சமையலைத் தனித் தாளாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 10 பேர் சாம்பாரைப் பத்தால் பெருக்கினால் 100 பேர் சாம்பார் வராது. சின்னப் பாத்திரத்தில் கொள்ளளவை ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம், தண்ணீர் வேகமாக வற்றும். அண்டாவில் அந்த விகிதம் குறைவு என்பதால் அவ்வளவு வற்றாது. பத்து மடங்கு தண்ணீர் ஊற்றியவரின் சாம்பார் நீர்த்துப்போகும், அதைச் சரிசெய்ய இன்னும் கொதிக்க விடுவார், பருப்பு அடிப்பிடிக்கும், காய் குழையும். கணக்கில் வருவதைவிடத் தண்ணீரைப் பத்தில் ஒரு பங்கு குறைத்து ஊற்றி, தேவைப்பட்டால் கொதிநீர் சேர்க்க வேண்டும். உப்பும் புளியும் முதலில் எண்பது சதவீதம், மீதி ருசி பார்த்து. ஊர் ஹோட்டல்களில் தலைமைச் சமையல்காரரான சரக்கு மாஸ்டருக்கு இது கைப்பழக்கம், மாணவருக்கோ காரணத்தோடு தெரிய வேண்டும். பரிமாறும் வரை சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிர் உணவு 5 டிகிரிக்குக் கீழே என்பதைத் தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பார்த்து எழுத வையுங்கள். அண்டாவின் நடுவிலும் ஓரத்திலும் அளந்தால் ஏன் இரண்டு இடம் என்பதும் விளங்கிவிடும்.

இன்டர்ன்ஷிப் நான்காம் பருவத்தில். பழைய கணக்கில் ஒரு பருவத்துக்கான 30 கிரெடிட் முழுவதையும் அதற்கே கொடுத்தால் 900 மணி நேரம், வாரம் 48 மணி நேரம் வேலை என்றால் 19 வாரம். 16 வாரம்தான் கிடைக்கிறதென்றால் 768 மணி நேரம், 25 கிரெடிட்டுக்குச் சற்று மேல், மீதியை அறிக்கைக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் கொடுக்கலாம். பொங்கல் முடிந்ததும் அனுப்பி மே இறுதியில் திரும்பச் சொல்லுங்கள். தை மாதக் கல்யாணங்களும் கொடைக்கானலின் ஏப்ரல், மே சீசனும் அதற்குள் வந்துவிடும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண கேட்டரிங்காரரிடம் அனுப்பினால் பாத்திரம் துடைத்துவிட்டு வருவார்கள்.

ஒப்பந்தத்தில் என்னென்ன துறை, ஒவ்வொன்றிலும் எத்தனை வாரம், வேலை நேரம், வார விடுப்பு, உதவித்தொகை, பெண் மாணவர்களுக்குத் தங்குமிடம், இரவு ஷிஃப்ட்டுக்கு வண்டி எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் பற்றாக்குறை உள்ள பாங்க்வெட்டில் (விருந்துப் பிரிவு) போட்டு நான்கு மாதமும் தட்டு தூக்க வைப்பார்கள். லாக் புக்கில் வாரந்தோறும் செஃப் கையெழுத்து, மாதம் ஒரு முறை உங்கள் ஆசிரியர் நேரில் போய்ப் பார்ப்பது, இரண்டும் இருந்தால்தான் இது கட்டுக்குள் இருக்கும்.

உணவுக்கலைத் தாளுக்கு உங்களுக்குத் தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை. பழனி பஞ்சாமிர்தம், கொடைக்கானல் மலைப்பூண்டு, விருப்பாட்சி மலைவாழை, சிறுமலை மலைவாழை என்று புவிசார் குறியீடு பெற்ற நான்கு பொருள்கள் ஒரே மாவட்டத்தில் கிடைக்கின்றன. மற்ற சாஸ்களுக்கு அடிப்படையான ஃபிரெஞ்சு மதர் சாஸ் ஐந்தும் பாடத்தில் இருக்கட்டும், வெளியூர் கிச்சனில் அந்த மொழி தேவை. ஆனால் சீரகச் சம்பாவுக்கும் பாஸ்மதிக்கும் தண்ணீர் அளவு, ஊறும் நேரம், தம் நேரம் எப்படி மாறுகிறது என்று மாணவர் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சமைத்து அட்டவணை போட்டால், அது எந்தப் புத்தகத்திலிருந்தும் நகலெடுக்க முடியாத புராஜெக்ட்.

கடைசியாக ஆசிரியர். நெட் (பேராசிரியர் தகுதித் தேர்வு), பிஎச்.டி. முடித்தவரை மட்டும் தேடினால் கிச்சனில் நின்றவர் கிடைக்க மாட்டார். கிச்சனில் நின்றவரை மட்டும் எடுத்தால் மதிப்பெண் பதிவேடும் வினாத்தாளும் திண்டாடும். இரண்டு வகையினரையும் கலந்து எடுங்கள். நீண்ட தொழில் அனுபவம் உள்ளவர்களை எடுக்க ‘பிராக்டிஸ் பேராசிரியர்’ என்ற வழியை யூ.ஜி.சி. 2022இல் திறந்திருக்கிறது. சமையல் ஆசிரியருக்கான நேர்காணலை அலுவலக அறையில் முடிக்காதீர்கள். 20 பேருக்கு ஒரு குழம்பும் ஒரு பொரியலும், உதவிக்குச் சமையலே தெரியாத இரண்டு மாணவர்கள், மூன்று மணி நேரம். ருசி ஓரளவு இருந்தால் போதும். மாணவர் தப்பாக நறுக்கும்போது கத்தியைப் பிடுங்கித் தானே நறுக்குகிறாரா, இல்லை பக்கத்தில் நின்று கையைத் திருத்துகிறாரா என்பதைப் பார்த்து ஆளை எடுங்கள்.