பட்டறைத் திண்ணை: சின்ன லேத்துக்கு ஏன் இந்த விலை?

(டூல் ரூமில் காலம் தள்ளி ஓய்வுபெற்ற பீளமேட்டுக்காரர், வாசகர்களின் பட்டறைச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: வீட்டு ஷெட்டில் வைக்க ஒரு பழைய லேத் தேடுகிறேன். ஆறடி லேத்தைக் காயலான் கடை விலைக்கே தருகிறார்கள். ஆனால் ஜீடி வைலர் மாதிரி சின்ன லேத் ஒன்றைக் கேட்டால், கிலோவுக்குக் கணக்குப் போட்டால் பல மடங்கு வருகிறது. வருடா வருடம் ஏறவும் செய்கிறது. இது நியாயமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: வயிறு எரிந்தாலும் நியாயம்தான். மில்லுக்கும் பம்ப்செட்டுக்கும் வேலை செய்த கோவைப் பட்டறைகளுக்கு வேண்டியிருந்தது நாலரை அடி, ஆறடி, எட்டடி லேத். பி.எஸ்.ஜி., ஹரிஹரிலிருந்து வந்த மைசூர் கிர்லோஸ்கர், 1953-ல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. ஆகிய கம்பெனிகளின் லேத்தெல்லாம் அந்த அளவில்தான் வந்து குவிந்தன. பட்டறைகள் சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் மிஷின்) பக்கம் போனதும் அவையெல்லாம் வெளியே வந்தன. அந்தக் கனத்தைத் தூக்க கிரேன் வேண்டும், நிறுத்தத் தளம் வேண்டும், மூன்று ஃபேஸ் கரண்ட் வேண்டும். இதெல்லாம் உள்ளவர் சி.என்.சி.யே வாங்கிக்கொள்கிறார். பழைய லேத் அப்புறம் வெறும் இரும்புதானே?

சின்ன லேத்தின் கதை வேறு. டூல் ரூம், மீட்டர் ரிப்பேர் பிரிவு, கல்லூரி ஆய்வகம் போன்ற இடங்களுக்கு மட்டும்தான் அதை வாங்கினார்கள். ஷெட் முழுக்க பெரிய லேத் வரிசையாக நிற்கும். இது மூலையில் ஒன்று இருக்கும். இன்று பழைய புல்லட்டுக்கு புஷ் கடைபவர், டெலஸ்கோப் செய்பவர், மாடல் நீராவி இன்ஜின் கட்டுபவர் எல்லாரும் அந்த ஒன்றைத்தான் துரத்துகிறார்கள். அரசு நிறுவனங்கள் கழிப்பது மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் இணைய ஏலத்துக்கு வரும். பெரும்பாலும் பலதும் சேர்ந்து ஒரே லாட்டாகப் போவதால் உங்களுக்கும் எனக்கும் எட்டாது. வியாபாரி கைக்குப் போய்த்தான் நம்மிடம் வரும்.

விலையை விட்டுவிட்டு லேத்தின் பெட் (நீளமான அடித்தளம்) எப்படி என்று பாருங்கள். பளபளவென்று புது பெயின்ட் அடித்த லேத் என்றால் நான் கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்பேன். லேத்தின் ஆயுசு முழுக்க வேலை நடந்தது சக்குக்கு (வேலைத்துண்டைப் பிடித்துச் சுற்றும் வாய்) பக்கத்து அரை அடியில்தான், தேய்மானமும் அங்கேதான். சேடிலை (டூலைத் தாங்கி பெட் மேல் நகரும் பாகம்) அங்கே கொண்டுபோய், லாக் போல்ட்டை லேசாக உரசும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். பிறகு கைச்சக்கரத்தைச் சுற்றி மறுகோடியில் இருக்கும் டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். போகப் போக இறுகி, ஓர் இடத்தில் நின்றே விட்டால் பெட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். விற்பவர் “ஆயில் போட்டா சரியாயிடும்ணா” என்பார். ஆயில் போட்டால் இரும்பு முளைக்காது. பெட்டின் ஓரமாக நகத்தை ஓட்டிப் பாருங்கள். சேடில் எட்டாத கடைசியில் படி மாதிரி தட்டினால் சந்தேகமே வேண்டாம்.

பெட்டை கிரைண்டிங் செய்து தரக் கோவையில் ஆள் உண்டு. ஆனால் பெட் இறங்கினால் சேடிலும் இறங்கும், சேடிலை இழுக்கும் லீட் ஸ்குரூவின் மட்டம் தப்பும், சேடிலின் அடியில் டர்சைட் (வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை) ஒட்டி ஏற்ற வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

அடுத்து பேக் கியர், அதாவது சக்கை மெதுவாகவும் பலமாகவும் சுற்றவைக்கும் கியர். சக் கழலவில்லை என்று பேக் கியரைப் போட்டு ஸ்பிண்டிலை (சக்கைச் சுற்றும் தண்டு) பூட்டி, சக்கைத் தட்டுகிற பழக்கம் பலருக்கு உண்டு. பல் உடைவது அப்படித்தான். மூடியைத் திறந்து கியரை ஒரு சுற்று முழுக்கப் பாருங்கள். நான்கு தாடை சக், ஸ்டெடி (நீளத் தண்டைத் தாங்கும் பிடி), சேஞ்ச் கியர் செட் (திருகு மறை வெட்ட மாற்றிப் போடும் பல்சக்கரங்கள்) எல்லாம் கூட வருகிறதா என்றும் கேளுங்கள். இன்ச் லீட் ஸ்குரூ உள்ள லேத்தில் மில்லிமீட்டர் மறை சரியாக வெட்ட 127 பல் கியர் வேண்டும். தொலைகிற முதல் சாமானும் அதுதான்.

கேள்வி: நான் இருப்பது இங்கிலாந்து, லெஸ்டர். மைஃபோர்டு எம்.எல்.7 லேத் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. என் வயதைவிடப் பழையது, அதற்கு இவ்வளவு விலையா? (லெஸ்டர் வாசகர்)

பதில்: உங்கள் பக்கத்து ஊர்ச் சரக்கு அது. நாட்டிங்ஹாமை ஒட்டிய பீஸ்டனில் செய்தார்கள், எம்.எல்.7 வந்தது 1946-ல். வீட்டுப் பட்டறைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அதிலேயே பழகியதால் பெயருக்கும் ஒரு விலை இருக்கிறது. 2011-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. பெயரை வேறொரு நிறுவனம் வாங்கியதால் உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது, அது பெரிய விஷயம்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாக்ஸ்ஃபோர்டு லேத் தேடுவேன். ஹாலிஃபாக்ஸில் செய்தது, பள்ளிக்கூடங்களுக்கு ஏராளமாகப் போனது, மைஃபோர்டைவிடக் கட்டுமஸ்தானது. பள்ளிகள் உலோகப் பட்டறைகளை மூடியபோது இவை மலிவாக வெளியே வந்தன. அந்த ஊற்று இப்போது வற்றிவிட்டது. ஆனாலும் பையன்கள் அதில் ஓட்டிய நேரம் குறைவு. பெட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். டூல் மோதிய காயங்களை மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: ஷேப்பர் (டூல் முன்னும் பின்னும் ஓடி இரும்பைச் சீவும் மிஷின்) மலிவாகக் கிடைக்கிறது. மில்லிங் மிஷினுக்குப் பதிலாக வாங்கலாமா? (ஓசூர் வாசகர்)

பதில்: இடமும் பொறுமையும் இருந்தால் வாங்கலாம். ஒற்றை டூல் போதும், அதையும் நீங்களே தீட்டிக்கொள்ளலாம். கட்டர் செலவே கிடையாது. கீவே (தண்டில் சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்), தட்டை முகம் எல்லாம் அருமையாக வரும். மாடியில் மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: வாங்கிய லேத்தில் மூன்று ஃபேஸ் மோட்டார். வீட்டில் சிங்கிள் ஃபேஸ். மோட்டாரை மாற்றிவிடட்டுமா? (தாராபுரம் வாசகர்)

பதில்: வேண்டாம், வி.எஃப்.டி. என்கிற டிரைவ் வாங்குங்கள். ஒன்று, இரண்டு ஹெச்.பி. வரை சிங்கிள் ஃபேஸில் வாங்கி மூன்று ஃபேஸாகக் கொடுக்கும் டிரைவ் எளிதாகக் கிடைக்கிறது. அது தருவது 230 வோல்ட்தான் என்பதை மறக்காதீர்கள். மோட்டார் பிளேட்டில் 415 வோல்ட், ஸ்டார் என்றிருந்தால் வைண்டிங் இணைப்பை டெல்டாவாக மாற்றிக் கொடுக்க வேண்டும். டெர்மினல் பெட்டியில் ஆறு முனை இருந்தால் இணைப்புப் பட்டையை மாற்றிப் போட்டால் முடிந்தது. மூன்று முனைதான் என்றால் வைண்டிங் கடையில் கொடுத்து மற்ற மூன்றையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பழைய ஃபார்வர்டு-ரிவர்ஸ் ஸ்விட்சை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவைக்காதீர்கள். ஓடும்போது அதைத் திருப்பினால் டிரைவ் புகைந்துவிடும். மோட்டார் வயரை நேராக டிரைவில் கொடுத்துவிட்டு, அந்த ஸ்விட்சை டிரைவின் கன்ட்ரோல் முனைகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.