கைநாட்டு வாங்கினால் போதுமா, டாக்டரம்மா?

கேள்வி: பல் மருத்துவம் படித்தவள் நான். வயது 26. தென்காசி பக்கத்துக் கிராமம். எட்டு மாதமாக ஒரு தொண்டு நிறுவனத்தின் வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் இருக்கிறேன். இதுவரை நாலாயிரம் பேருக்கு மேல் வாயைப் பார்த்தாயிற்று. ஆனால் பாதி நாள் பதிவேட்டில் கணக்கெழுதுவதிலேயே போகிறது, கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. அமெரிக்காவில் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலை (எம்.பி.எச்.) படிக்க விரும்புகிறேன். இரண்டு வருடத்துக்கு எல்லாம் சேர்த்து 60 லட்சம் ஆகும். "கல்யாணத்துக்கு நகை போடுவதற்குப் பதில் படிக்க வைக்கிறேன்" என்கிறார் அப்பா. வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம் என்று முடிவு. வீடு அப்பாவின் அம்மா பெயரில் இருக்கிறது. ஆச்சி பீடி சுற்றிக் கட்டிய வீடு. 74 வயது, இப்போதும் பீடி சுற்றும் தட்டைக் கீழே வைப்பதில்லை. அவரிடம் இன்னும் விவரம் சொல்லவில்லை, பயந்துவிடுவார். கைநாட்டு மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் அப்பா. என் கேள்வி: இந்த டிசம்பரிலேயே விண்ணப்பிப்பதா, இன்னொரு வருட அனுபவம் சேர்த்துக்கொண்டு விண்ணப்பிப்பதா?

பதில்: ஆவணி பிறந்தால் இந்தக் கேள்வி என் மேசைக்கு வந்துவிடும். டாக்டர், நர்ஸ், பல் டாக்டர், சித்த மருத்துவர், எல்லாரும் கேட்டாயிற்று. இந்த வருடமா, அடுத்த வருடமா? கடைசித் தேதி, பரிந்துரைக் கடிதம், ஏன் படிக்க வருகிறேன் என்று எழுதும் நோக்கக் கட்டுரை எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அங்கிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. "கவலை வேண்டாம், நல்லதே நடக்கும்" என்றும் எழுதப் போவதில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மூன்று முறை படித்தேன். "கைநாட்டு மட்டும் வாங்கிக்கொள்ளலாம்." போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அதற்கு அடுத்த வரியில் டிசம்பரா, அடுத்த வருடமா என்று என்னைக் கேட்கிறீர்கள்.

நாலாயிரம் வாய் பார்த்தேன் என்கிறீர்களே, அந்த நாலாயிரம் பேரிடமும் முதலில் என்ன செய்தீர்கள்? ஒப்புதல் படிவம் வைத்திருப்பீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டு, அதன் பிறகு கட்டைவிரல் மை. ஆராய்ச்சி என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை இன்னும் கறார்: கைநாட்டு வைப்பவர் பக்கத்தில், அந்த ஆராய்ச்சியோடு சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். முன்பின் தெரியாத ஒருத்தியின் வாய்க்குள் டார்ச் அடிக்க இவ்வளவு மரியாதை. உங்களைத் தூக்கி வளர்த்த கிழவியின் தலைமேல் இருக்கும் கூரைக்கு வெறும் மை போதும், அப்படித்தானே?

"வயதானவர், பயந்துவிடுவார்." இந்த வசனத்தை நீங்கள் முகாமில் கேட்டிருப்பீர்கள். அம்மாவின் கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு, புற்றாக மாறக்கூடும் என்று சொன்னதும், மகன் உங்களைத் தனியே இழுத்துப்போய், "அம்மாகிட்ட சொல்லிராதீங்க டாக்டர், பயந்துரும்" என்பான். அவனுக்கு என்ன பதில் சொல்வீர்களோ, அதையே உங்கள் அப்பாவுக்கும் சொல்லுங்கள்.

வங்கியில் நடப்பது என்ன என்று பார்ப்போம். பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். சொத்துக்காரர் நேரில் வர வேண்டும். மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். ஆக, ஆச்சியை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போய், "ஒரு கையெழுத்து ஆச்சி, பேத்தி படிப்புக்கு" என்று சொல்லி விரலைப் பிடித்து அழுத்துவார்கள். படிப்புக்கு என்பது பொய்யில்லை. தவணை நின்றால் வீடு ஏலத்துக்குப் போகும் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் பொய்.

கணக்கு எழுதுவது அலுப்பாக இருக்கிறது என்றீர்கள். இந்த ஒரு கணக்கை மட்டும் எழுதுங்கள். 60 லட்சம், பத்து சதவீத வட்டி, 15 வருடம்: மாதத் தவணை சுமார் 64,500 ரூபாய். படிக்கும்போது ஏறும் வட்டி இதில் சேரவில்லை. படிப்பு இரண்டு வருடம், அதற்கு மேல் ஒரு வருடம் தவணை விடுப்பு, பிறகு 15 வருடம். பத்திரம் வீட்டுக்குத் திரும்பி வரும்போது ஆச்சிக்கு 92 வயது.

உங்கள் அப்பாவை நான் திட்டவில்லை. நகைக்கு வைத்த காசில் பெண்ணைப் படிக்க வை என்று இந்தப் பத்தியில் எத்தனையோ அப்பாக்களிடம் மன்றாடியிருக்கிறேன். சொல்லாமலே செய்ய முன்வந்த மனிதர் அவர். அது அவருடைய காசாக இருக்கும் வரைக்கும் தலை வணங்குகிறேன். இது அவர் காசு இல்லை. இலை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, மூலை மடக்கி, நூல் கட்டி, நாளுக்கு ஆயிரம் என்று எண்ணிக் கட்டுக் கட்டாகக் கடையில் கொடுத்து, சரியில்லை என்று அவர்கள் கழித்ததுபோக வாங்கிவந்த காசு. பேத்தி படிக்கக் கூடாது என்று ஆச்சி சொல்லக்கூடும், போய்ட்டு வா தாயி என்றும் சொல்லக்கூடும். எதைச் சொல்வது என்பது அவர் உரிமை. பெற்றவள் பேரில் இருக்கும் சொத்தை அவளுக்குத் தெரியாமல் எடுத்தாளுவதைக் குடும்ப நன்மை என்று சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். எனக்கு அது அறவே பிடிக்காது. என் தெருவிலேயே, கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்குத்தான் தன் வீடு அடமானத்தில் இருப்பதைத் தெரிந்துகொண்ட ஒரு அம்மா இருந்தார். மகன் வெளிநாட்டில் இருந்தான். கெட்டவன் இல்லை, வேலை போய்விட்டது, அவ்வளவுதான்.

வேலை என்றதும் ஞாபகம் வருகிறது. பொதுச் சுகாதாரப் பட்டதாரிகள் பலர் எதிர்பார்த்திருந்த கதவுகளில் ஒன்றான, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பு யு.எஸ்.எய்டு, 2025 ஜூலை முதல் தேதியோடு மூடப்பட்டது. அதே வருடம் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யிலும் பெரிய ஆட்குறைப்பு. படிப்பு வீண் என்று சொல்லவில்லை. 64,500 ரூபாய்த் தவணையை இந்தச் சந்தையை நம்பி ஏற்கிறீர்கள், அதைத் தெரிந்துகொண்டு ஏற்க வேண்டும்.

இந்த டிசம்பர் வேண்டாம். உங்களுக்குத் தகுதியில்லை என்பதால் அல்ல. ஆச்சியிடம் பேசாமல் அனுப்பும் எந்த விண்ணப்பத்துக்கும் நான் சரி சொல்ல மாட்டேன். பேசிய பிறகும்கூட, அடமானம் வைக்கும் முன்பு அடமானம் இல்லாத வழிகளைத் தட்டிப் பாருங்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை படிப்புக் கட்டணமும் தருகிறது, தங்கும் செலவும் தருகிறது. அங்கே முதுநிலை பெரும்பாலும் ஒரே வருடம். ஆனால் 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள். முழுநேர வேலை என்றால் உங்கள் எட்டு மாதம் அதில் ஏறக்குறைய பாதி. அடுத்த வருடம் அந்த விண்ணப்பம் திறக்கும்போது உங்கள் கணக்கு நிறைந்திருக்கும். படித்து முடித்துத் திரும்பி வந்து இரண்டு வருடம் நம் நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆச்சி இருக்கும் வீட்டுக்குத் திரும்பி வருவதைத் தண்டனையாக நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

உள்நாட்டிலும் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம் 1997லிருந்து எம்.பி.எச். நடத்துகிறது. தென்காசியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். சென்னை அயப்பாக்கத்தில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம். கடிதத்தில் இவை எதன் பெயரும் இல்லை. விசாரித்துப் பார்த்துத்தான் வேண்டாம் என்றீர்களா, விசாரிக்கவே இல்லையா?

"கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை" என்றதற்கும் ஒரு வார்த்தை. 1956ல் சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையம் திறந்தார்கள். காசநோயாளிகளைத் தங்கவைக்கும் சானடோரியத்தில் படுக்கை, சத்தான சாப்பாடு, ஓய்வு கிடைத்தவர்களையும், நெரிசலான ஏழை வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959ல் முடிவு வெளிவந்தது, உலகமே சானடோரியங்களைப் பூட்டத் தொடங்கியது. அந்த முடிவு பிறந்ததும் வீடு வீடாய்ப் போய் எழுதிய பதிவேட்டில்தான். உங்கள் நாலாயிரம் பேரில் பீடி சுற்றுகிறவர் எத்தனை, வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர் எத்தனை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தும் போகாதவர் எத்தனை, ஏன் போகவில்லை? இதற்குப் பதில் எழுத முடிந்தால் உங்கள் நோக்கக் கட்டுரை தானாக எழுதிக்கொள்ளும். முடியாவிட்டால் இன்னொரு வருடம் அங்கேயே வேலை இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது இது. அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஆச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். தொகை, வட்டி, எத்தனை வருடம், கட்டாவிட்டால் என்ன ஆகும். அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், முகாமில் செய்வதுபோல. வீட்டு ஆள் இல்லாத ஒரு சாட்சி இருக்கட்டும், பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிடுங்கள். ஆச்சி யோசிக்க ஒரு மாதம் கேட்டால் ஒரு மாதம் கொடுங்கள்.

பேசி முடித்ததும் தட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஆச்சியை வெளிச்சத்துப் பக்கம் திரும்பி வாயைத் திறக்கச் சொல்லுங்கள். நாலாயிரம் வாய் பார்த்த கணக்கு எழுதியிருக்கிறீர்கள். அதில் ஆச்சியுடையது உண்டா என்று கடிதத்தில் இல்லை.