ஏசிஎஸ் ரொட்டீனில் இரண்டு மாறிகளுக்கு மதிப்பு கொடுக்க முடியாதா?

ஐபிஎம் மெயின்பிரேமில் சேமிப்பைக் கவனிக்கும் எஸ்எம்எஸ் மென்பொருளில், ஒரு டேட்டாசெட்டை (கோப்பை) எப்படி, எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் சிறு நிரல்தான் ஏசிஎஸ் ரொட்டீன். தேவகோட்டையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தம்பி கேட்டிருக்கிறார்: "ஸ்டோரேஜ் கிளாஸ் ரொட்டீனிலேயே மேனேஜ்மென்ட் கிளாஸையும் செட் செய்தேன். டிரான்ஸ்லேட் (எழுதிய நிரலை ஓடக்கூடிய வடிவுக்கு மாற்றும் படி) பிழை காட்டுகிறது. ஏன்?"

எழுத்துப்பிழை தேட வேண்டாம் தம்பி. ஒரு ரொட்டீனில் அதற்குரிய ஒரே மாறிக்குத்தான் மதிப்பு கொடுக்கலாம். டேட்டாசெட் பெயர், அளவு, ஜாப் பெயர் இதெல்லாம் படிக்க மட்டுமே.

நம்ம ஊர் வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வரிசையாக இருக்கிறதல்லவா, அப்படித்தான் டேட்டா கிளாஸ் (கோப்பின் வடிவம்), ஸ்டோரேஜ் கிளாஸ் (சேமிப்பின் தரம்), மேனேஜ்மென்ட் கிளாஸ் (பேக்கப், இடமாற்றம் போன்ற பராமரிப்பு), ஸ்டோரேஜ் குரூப் (எந்த டிஸ்க் தொகுப்பு) என்று நான்கு ரொட்டீன்களும் ஓடும். வளவோடு திரும்பியவர் அடுப்படியைப் பார்க்க மாட்டார். ஸ்டோரேஜ் கிளாஸுக்கு வெற்று மதிப்பு (நடுவில் ஒன்றுமில்லாத இரண்டு மேற்கோள் குறிகள்) கொடுத்தால் அந்த டேட்டாசெட் எஸ்எம்எஸ் நிர்வாகத்துக்குள்ளேயே வராது. அடுத்த இரண்டு ரொட்டீன்களும் ஓடாது. "என் மேனேஜ்மென்ட் கிளாஸ் ஏன் வேலை செய்யவில்லை" என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இன்னொன்று. ஜேசிஎல்லில் (ஜாப்பை ஓட்டச் சொல்லும் கட்டளை வரிகளில்) புரோகிராமர் ஸ்டோரேஜ் கிளாஸ் எழுதியிருந்தால், ரொட்டீனுக்குள் நுழையும்போதே மாறியில் அது உட்கார்ந்திருக்கும். நீங்கள் செட் செய்யாவிட்டால் அவர் எழுதியதே நிற்கும். அதனால் செலெக்ட் (நிபந்தனைத் தொகுதி) முடிவில் அதர்வைஸ் (எதுவும் பொருந்தாவிட்டால்) போட்டு மதிப்பு கொடுத்துவிடுவது நல்லது. அதற்குள் பல வென்கள் (நிபந்தனை வரிகள்) பொருந்தினாலும் முதலில் பொருந்துவதுதான் எடுபடும். குறுகலான நிபந்தனையை மேலே வையுங்கள்.

ஸ்டோரேஜ் குரூப் மட்டும் கொஞ்சம் தாராளம்: ஒரே செட் கட்டளையில் காற்புள்ளி போட்டு 15 பெயர்கள் வரை கொடுக்கலாம்.

மேற்கோள் குறி விஷயத்தில் பலரும் வழுக்குகிறார்கள். செட் கட்டளையில் கிளாஸ் பெயருக்கு மேற்கோள் வேண்டும். ஆனால் ஒப்பிடும்போது நட்சத்திரக் குறியுள்ள மாஸ்க்கை (பல பெயர்களுக்குப் பொருந்தும் மாதிரியை) மேற்கோளுக்குள் அடைத்தால் அது வெறும் எழுத்தாகி எந்த டேட்டாசெட்டோடும் பொருந்தாது. டிரான்ஸ்லேட் இதற்குப் பிழை காட்டாது, அதுதான் வில்லங்கம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: அந்த வரியை மேனேஜ்மென்ட் கிளாஸ் ரொட்டீனுக்கு மாற்றுங்கள். ஐஎஸ்எம்எஃப்பில் (எஸ்எம்எஸ்ஸை நிர்வகிக்கும் திரைகளில்) டிரான்ஸ்லேட், அப்புறம் வேலிடேட். நீங்கள் எழுதிய கிளாஸ் உண்மையில் வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று வேலிடேட்தான் பார்க்கும். ஆக்டிவேட் செய்யும் (நடைமுறைக்குக் கொண்டுவரும்) முன் சில டேட்டாசெட் பெயர்களை டெஸ்ட்டில் ஓட்டிப் பாருங்கள்.